சின்னப் பிள்ளைகளுக்கு மனதைப் பழக்குவது: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்து வயது முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளோடு பல ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவள் நான். பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில்தான் பெரியவர்கள் நாம் அதிகம் தடுமாறுகிறோம் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

சமூக, உணர்வுத் திறன்கள் என்றால் என்ன? பழைய நல்லொழுக்க வகுப்புக்குப் புதுப்பெயர்தானா?

இல்லை. நல்லொழுக்க வகுப்பு "பொறாமைப்படாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பக்கத்தில் இருப்பவனின் புதுப் பையைப் பார்த்து மனம் குமைந்து உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை, அந்தப் பொறாமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும்? அந்தப் பையை எட்டி உதைக்காமல் எப்படி இருப்பது? அதைச் செய்துகாட்டிப் பழக்குவதுதான் திறன்.

1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'கேசல்' என்ற அமைப்பு இதை ஐந்தாகப் பிரிக்கிறது. தன் மனதில் ஓடுவதை அறிவது, அதைக் கையாள்வது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது, உறவுகளைப் பேணுவது, யோசித்து முடிவெடுப்பது. ஆனால் இந்த வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1968-இல் யேல் பல்கலைக்கழகக் குழந்தை மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், நியூ ஹேவன் நகரில் படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்த இரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார். பெற்றோர், ஆசிரியர், மனநல ஊழியர் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த உறவைச் சரிசெய்வதில் அவர் முதலில் இறங்கினார். 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளிகளின் தேர்ச்சி தேசியச் சராசரியைத் தாண்டியிருந்தது.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்?

1985-இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹனும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு பொம்மைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவிடுகிறது. திரும்பி வரும் முதல் பொம்மை எங்கே தேடும்? மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் "பெட்டியில்" என்பார்கள். தனக்குத் தெரிந்தது அந்தப் பொம்மைக்கும் தெரியும் என்று நினைப்பார்கள். நான்கு, ஐந்து வயதில் "கூடையில்" என்ற பதில் வரத் தொடங்கும். அடுத்தவர் மனதில் இருப்பது வேறு, என் மனதில் இருப்பது வேறு என்ற அறிவு அப்போதுதான் துளிர்க்கிறது.

ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அந்த அறிவு வந்து ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். அமைதியாக இருக்கும்போது அது வேலை செய்யும். அழுகையோ ஆத்திரமோ வந்தால் காணாமல் போகும். ஒரே நேரத்தில் இரண்டு உணர்வுகள் இருக்கலாம், அண்ணன் மேல் கோபமும் இருக்கலாம், பாசமும் இருக்கலாம் என்பது பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான் தெளிவாகப் புரிகிறது. தன்னை நிறுத்திக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. "எத்தனை தடவை சொல்றது?" என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வைப்பதிலிருந்து. மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை அதைக் கையாலும் காலாலும் சொல்லும். அல்லது வயிற்றால் சொல்லும்.

என் வகுப்பில் ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் "வயிறு வலிக்குது டீச்சர்" என்று வந்து நிற்பான். முகம் வெளுத்திருக்கும், கை சில்லென்று இருக்கும், நடிப்பு இல்லை. மருத்துவரிடம் காட்டினார்கள், ஒன்றும் இல்லை என்றார். அந்த இரண்டு நாளும் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கும் நாள் என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. "வாசிக்கும்போது எல்லாரும் பார்ப்பாங்கன்னு பயமா இருக்கா?" என்று தனியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பயம் இல்ல, கூச்சம்" என்றான். என்னைத் திருத்தினான்! அந்தச் சொல் கிடைத்த பிறகு அவனோடு பேச முடிந்தது. முதலில் என்னிடம் மட்டும், பிறகு ஒரு நண்பனிடம், பிறகு நான்கு பேர் குழுவில் என்று வாசித்தான். வயிற்றுவலி குறைந்தது.

நம் மொழியில் இந்தச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எரிச்சல், ஏமாற்றம், ஏக்கம், தவிப்பு, சலிப்பு, மனத்தாங்கல், பதற்றம், நிம்மதி, பெருமிதம். ஒவ்வொன்றும் வேறு வேறு. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி அவற்றுக்கு 'மெய்ப்பாடு' என்று பெயர் வைத்தது. உள்ளத்தில் இருப்பது மெய்யில் தெரிவது. சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த வழிதான் எளிது. "கோபம் வந்தா உடம்புல எங்கே தெரியும்?" என்று கேளுங்கள். காது சூடாகுது, பல்லைக் கடிப்பேன், கை இறுகும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தன் காது சூடாவதை உணரத் தெரிந்த பிள்ளைக்கு, கை ஓங்குவதற்கு முன் சில நொடிகள் கிடைக்கின்றன.

காலையில் பத்து நிமிடம் வட்டமாக உட்கார்வது போதும். "இன்னைக்கு மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் முதல் வாரம் எல்லாரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் முதலில் சொல்லுங்கள். "எனக்கு ராத்திரி சரியா தூக்கம் இல்ல, கொஞ்சம் எரிச்சலா இருக்கு, அதனால இன்னைக்கு மெதுவாப் பேசப் போறேன்." சொல்ல விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள். கதை வாசிக்கும்போது பாதியில் நிறுத்தி, "இப்ப இந்த முயலுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பதும் இதே வேலையைச் செய்யும், தன்னைப் பற்றிப் பேசக் கூசும் பிள்ளைக்கு இன்னும் நன்றாகச் செய்யும். ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: "நீ கோபமா இருக்கே" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். "ஏமாற்றமா இருக்கோ?" என்று கேளுங்கள். அவன் திருத்த இடம் வேண்டும்.

பிள்ளை கத்தி, அடித்து, பொருளை வீசும்போது என்ன செய்வது?

அந்த நேரத்தில் எதையும் கற்றுத்தர முயலாதீர்கள். வெள்ளத்தில் அடித்துப் போகிறவனுக்குக் கரையில் நின்று நீச்சல் பாடம் எடுப்பது போலத்தான் அது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பழக்குவது அமைதியான நேரத்தில், பயன்படுத்துவது புயலடிக்கும் நேரத்தில்.

புயலின்போது உங்கள் வேலை மூன்று. யாருக்கும் அடிபடாமல் மற்ற பிள்ளைகளை நகர்த்துவது. அவன் கண்மட்டத்துக்குக் கீழே குனிந்து உட்கார்வது. மிகக் குறைவாகப் பேசுவது. "நான் இங்கேதான் இருக்கேன். அடிக்க விடமாட்டேன்." அவ்வளவுதான். குரல் அவனுடையதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். காரணம் கேட்பது, புத்தி சொல்வது, தண்டனையை அறிவிப்பது எல்லாம் எரியும் நெருப்பில் எண்ணெய்தான்.

அமைதியான நேரத்தில் பழக்குவதற்கு 1970-களில் உருவான ஆமை முறை இன்றும் நன்றாக உதவுகிறது. ஒரு குட்டி ஆமைக்குக் கோபம் வரும்போதெல்லாம் அடித்துவிட்டு மாட்டிக்கொள்கிறது, ஒரு பெரிய ஆமை அதனிடம் "உன் ஓட்டுக்குள்ளே போ" என்று சொல்லிக்கொடுக்கிறது என்று ஒரு கதை. பிள்ளைகள் கைகளை உடம்போடு சேர்த்து, தலையைத் தாழ்த்தி, மூச்சு விட்டு, பிறகு "என்ன பிரச்சினை, என்ன செய்யலாம்" என்று யோசிப்பார்கள். மார்க் கிரீன்பெர்க், கரோல் குஷே ஆகியோர் உருவாக்கிய 'பாத்ஸ்' பாடத்திட்டத்திலும் இந்த ஆமை வருகிறது. அந்தப் பாடத்திட்டம் முதலில் காது கேளாத பிள்ளைகளுக்காக உருவாகி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது.

மூச்சில் ஒரு நுணுக்கம் உண்டு. "மூச்சை நல்லா இழு" என்று சொன்னால் பிள்ளைகள் தோளைத் தூக்கி வேகவேகமாக இழுப்பார்கள், படபடப்பு கூடும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கும்போதுதான் இதயத்துடிப்பு தணிகிறது. அதனால், உள்ளங்கையில் ஓர் இறகு இருக்கிறது, அது கீழே விழாமல் மெல்ல ஊது என்று சொல்லுங்கள். தினமும் காலையில், யாருக்கும் கோபம் இல்லாதபோது, ஒரு நிமிடம். பல வாரங்கள் கழித்து, சண்டைக்கு நடுவில் ஒருத்தி தன் உள்ளங்கையைப் பார்த்து ஊதியதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் அடங்கி அரை மணி நேரமாவது கழித்துப் பேசுங்கள். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்ற கேள்விக்கு அந்த வயதில் பதில் இல்லை. "முதல்ல என்ன நடந்தது? அப்புறம்?" என்று கேட்டால் கதையாகச் சொல்வார்கள். முடிவில் எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கோபப்படலாம், அடிக்கக் கூடாது.

"மன்னிப்புக் கேள்" என்று கட்டாயப்படுத்தலாமா?

நான் கட்டாயப்படுத்தியவள்தான், பல ஆண்டுகள். ஒருமுறை ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு "சாரி" என்றாள். மாலையில்தான் தெரிந்தது, முதலில் அவளுடைய ஓவியத்தைக் கிழித்தது மற்றவன் என்று. அன்று அவள் கற்றது ஒன்றே ஒன்று: டீச்சரிடம் நியாயம் கிடைக்காது.

இப்போது "சாரி" என்ற சொல்லை நான் கேட்பதே இல்லை. "அவளுக்கு இப்ப என்ன வேணும்னு கேளு" என்கிறேன். சில நேரம் கிழிந்ததை ஒட்டித் தரச் சொல்வாள், சில நேரம் "கொஞ்ச நேரம் என் பக்கத்துல வராதே" என்பாள். அதைச் செய்வதுதான் ஈடுசெய்வது. அப்படிச் செய்து பழகிய பிள்ளைகளின் வாயில் மன்னிப்பு தானாகவே வருகிறது, அதுவும் முகத்தைப் பார்த்து.

பொம்மையையும் பென்சிலையும் பகிர்ந்துகொள்ளச் சொல்லலாமா?

'பகிர்' என்பதைவிட 'முறைவைத்து' என்பது இந்த வயதுக்கு எளிது. கையில் இருப்பதைப் பாதியில் பிடுங்கிக் கொடுப்பது பகிர்தல் ஆகாது. "நீ முடிச்சதும் அவனுக்குக் கொடு" என்று சொல்லிவிட்டு, காத்திருப்பவனுக்குச் செய்ய ஏதாவது கொடுங்கள். காத்திருக்கும் கலையை அவனும், தானாகக் கொடுக்கும் சந்தோஷத்தை இவனும் கற்பார்கள்.

ஒரு பிள்ளையை எல்லாரும் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கினால்?

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். "உன்னோட கா" என்று சொல்லி அரை மணியில் பழம் விடுவது வேறு. நாள்தோறும் அதே பிள்ளை சுவரோரம் நிற்பது வேறு. இரண்டாவது நடக்கும் வகுப்பில் நாம் நடத்தும் மற்ற எந்தப் பாடமும் அந்தப் பிள்ளைக்குள் போகாது.

சிகாகோவில் மழலையர் ஆசிரியராக இருந்த விவியன் பேலி தன் வகுப்பில் ஒரு விதி கொண்டுவந்தார். "நீ விளையாட வரக்கூடாது" என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. திணிப்பதற்கு முன் பிள்ளைகளிடமே பேசினார், பெரிய வகுப்பு மாணவர்களிடமும் போய்க் கருத்துக் கேட்டார். இது நியாயம்தான், ஆனால் நடக்காது என்று பலர் சொன்னார்கள். அவர் நடத்திக் காட்டினார். என் அனுபவத்திலும், "எல்லாரிடமும் அன்பாக இருங்கள்" என்ற பொது அறிவுரையைவிட இப்படிப்பட்ட ஒரு தெளிவான விதி நூறு மடங்கு உதவுகிறது. நண்பனாக இருக்கக் கட்டாயம் இல்லை. விளையாட்டில் இடம் கொடுப்பது கட்டாயம்.

கூடவே ஒதுக்கப்படும் பிள்ளைக்கும் உதவி தேவை. நடந்துகொண்டிருக்கும் விளையாட்டில் எப்படி நுழைவது என்பதே பலருக்குத் தெரியாது. நடுவில் பாய்ந்து கலைப்பார்கள், அல்லது வாய் திறக்காமல் நிற்பார்கள். கொஞ்சம் கவனி, அவர்கள் செய்வதையே பக்கத்தில் செய், பிறகு அந்த விளையாட்டுக்கு உதவும் ஒன்றைச் சொல். இதை இரண்டு பேராக நடித்துப் பார்க்க வையுங்கள்.

இரக்கத்தைக் கற்றுத்தர முடியுமா? அது பிறவிக் குணம் இல்லையா?

இரண்டும் உண்மை. 1996-இல் டொரண்டோவில் மேரி கார்டன் தொடங்கிய ஒரு திட்டத்தில், பக்கத்தில் வசிக்கும் ஒரு கைக்குழந்தை பெற்றோரோடு பள்ளி ஆண்டு முழுவதும் அவ்வப்போது வகுப்பறைக்கு வருகிறது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, குழந்தை ஏன் அழுகிறது, இப்போது அதற்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கிறார்கள். பேசத் தெரியாத உயிரின் மனதைப் படிப்பதை விடச் சிறந்த பயிற்சி எது? குழந்தையை வரவழைக்க முடியாவிட்டாலும், ஒரு செடியோ, புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்போ கொடுக்க முடியும்.

நட்சத்திரம், ஸ்டிக்கர், பரிசு கொடுக்கலாமா?

எப்போதாவது கொடுக்கலாம். சுவரில் எல்லார் பெயரையும் எழுதி, நடத்தைக்கு ஏற்ப மேலே கீழே நகர்த்தும் அட்டவணையை மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். கீழே இருக்கும் பெயர் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் ஒரே பெயராகத்தான் இருக்கும், அந்தப் பிள்ளையும் "நான் கெட்டவன்" என்று நம்பத் தொடங்கிவிடும்.

பாராட்டும்போது பார்த்ததைச் சொல்லுங்கள். 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் டிவெக்கும் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். "நல்ல பிள்ளை" என்பதைவிட, "அவன் இடிச்சப்ப உனக்குக் கோபம் வந்தது, ஆனா கையைக் கட்டிக்கிட்டே, பார்த்தேன்" என்பது அவன் மனதில் தங்கும்.

பாட நேரம் வீணாகாதா? ஆதாரம் உண்டா?

உண்டு. 2011-இல் ஜோசப் டர்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் 213 பள்ளித் திட்டங்களை, 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்தார்கள். இத்தகைய பயிற்சி பெற்ற மாணவர்கள் பாடத் தேர்வுகளிலும் மற்றவர்களைவிட 11 சதமானப் புள்ளிகள் (நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய பதினொரு இடம்) முன்னேறியிருந்தார்கள். ஆனால் எல்லாத் திட்டங்களும் சமமாகப் பலன் தரவில்லை. படிப்படியாகப் போவது, செய்து பழகுவது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, எந்தத் திறன் என்று குறிப்பாகச் சொல்லித்தருவது ஆகிய நான்கும் இருந்தவையே நன்றாக வேலை செய்தன. எப்போதாவது ஒரு விழிப்புணர்வு நாள் நடத்திப் படம் எடுத்துக்கொள்வது அந்தக் கணக்கில் வராது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தட்டில் வைத்த ஒரு இனிப்பை உடனே சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும் என்ற, உளவியலாளர் வால்டர் மிஷெலின் சோதனையைப் பலரும் மேடையில் சொல்வார்கள், காத்திருந்த பிள்ளை பின்னாளில் ஜெயித்தது என்று முடிப்பார்கள். 2018-இல் அதிகப் பிள்ளைகளின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பலவீனமாக இருந்தது. குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் பெரும்பகுதி மறைந்தது. ஐந்து நிமிடம் காத்திருக்க முடியாத பிள்ளையின் எதிர்காலத்தை யாரும் எழுதிவிடக் கூடாது.

ஆசிரியரே பொறுமை இழந்தால்?

இழப்போம். நாற்பது பிள்ளைகள், ஓயாத சத்தம், முடிக்க வேண்டிய பாடம். ஒருநாள் நான் கத்திய கத்தலில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கைகளை இன்னும் மறக்கவில்லை. இரவெல்லாம் யோசித்து, மறுநாள் வட்டத்தில் சொன்னேன்: "நேத்து நான் கத்தினேன். உங்கள்ல சிலர் பயந்தீங்க. அது உங்க தப்பு இல்ல. எனக்குக் கோபம் வந்தா இனிமே ஜன்னல்கிட்ட போய் மூச்சு விடுவேன்." ஒரு பையன் கேட்டான், "நாங்க ஞாபகப்படுத்தலாமா?" அப்புறம் அந்த ஆண்டு முழுவதும் என் குரல் ஏறும்போது யாராவது ஒருவர் "டீச்சர், ஜன்னல்" என்பார்கள். நானும் போனேன்.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று வீட்டில் சொல்கிறார்கள். பள்ளியில் வேறு மாதிரி சொன்னால் குழம்பாதா?

குழம்ப மாட்டார்கள். இடத்துக்கு இடம் விதி மாறும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டாரைக் குறைசொல்லாமல், "இங்கே யாரும் அழலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். பையன்களின் வருத்தமும் பயமும் வெளியே வரக் கோபம் ஒன்றுதான் வழி என்று ஆக்கிவிட்டு, பிறகு "ரொம்ப முரட்டுத்தனம்" என்று புகார் எழுதுவது நியாயமில்லை. பெற்றோரைச் சந்திக்கும்போது அறிவுரை வேண்டாம். "நேத்து அவனுக்கு வருத்தம் வந்தப்ப வாய் திறந்து சொன்னான், எனக்குப் பெருமையா இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்?

பல வாரங்கள் பழக்கியும் துளியும் மாற்றம் இல்லாமல் தினமும் வெடிப்பது, முன்பு கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்குவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, தூக்கமும் சாப்பாடும் கெடுவது, பேச்சிலோ கண் பார்த்துப் பழகுவதிலோ வயதுக்கு மிகவும் பின்தங்குவது, ஒரு குறிப்பிட்ட பெரியவரைக் கண்டால் நடுங்குவது. இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதைக் கண்டால் பிள்ளையைத் துருவித் துருவி விசாரிக்காமல், அது சொல்வதை நம்பி, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லுங்கள்.

இதற்கு மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். 'இரக்கம்: 6/10' என்று ஏழு வயதுப் பிள்ளையின் அட்டையில் எழுத என் கை வராது. ஒரு நோட்டில் தேதி போட்டு, பார்த்ததை ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஜூன் மாதம்: ரப்பர் கேட்டுக் கிடைக்காததால் பக்கத்தில் இருந்தவளைக் கடித்தான். செப்டம்பர்: கத்தினான், கடிக்கவில்லை. ஜனவரி: "எனக்கு எரிச்சலா வருது, நான் வெளியே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றான், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.